கடலை இயந்திரத்தின் மூடி

காரைக்குடி
12.1.1971

அன்புள்ள நாகநாதா,

நாட்டின் தொழில் வரலாற்றில் நேற்று ஒரு பொன்னாள். ஐந்து கல்லூரி முதல்வர்கள் கொண்ட எங்கள் 'பொறுப்புள்ள புதுத்தொழில் ஆய்வுக் குழு', தன் பெயர்ப்பலகைக்கு நீல வண்ணம் என்று ஏகமனதாக முடிவு செய்தது. பச்சை கேட்டவர்களும் கடைசியில் பெருந்தன்மையோடு இணங்கினார்கள்.

இரண்டாவது முடிவு உன்னைப் பற்றியது. உன் பட்டறையில் கடலை உடைக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் கை போகாதபடி நீ செய்து மாட்டியிருக்கும் இரும்பு மூடியைப் பாராட்டினோம். நாங்கள் ஆராய்ந்து சான்றிதழ் தரும்வரை அதைக் கழற்றி வை. ஆராயாத புதுமையைப் பயன்படுத்துவது பொறுப்பாகாது. மூடியில்லாத இயந்திரம் பழையதுதான் என்பதால் அதை ஓட்டத் தடையில்லை.

உன் பள்ளித் தோழன்,
முத்தப்பன்

நெற்குப்பை
20.1.1971

அன்புள்ள முத்தப்பா,

மூடியைக் கழற்றிவிட்டேன். நீ படித்தவன், காரணமில்லாமல் சொல்லமாட்டாய். இயந்திரத்தில் நிற்கும் என் தங்கை அழகிதான் சண்டைக்கு வந்தாள். "கழட்டிட்டீகளேண்ணே, நாளைக்கு என் கை போச்சுன்னா அந்த அஞ்சு வாத்தியாரும் வந்து கடலை உடைப்பாகளா?" என்கிறாள். "முத்தப்பன் கைப்பட எழுதியிருக்கான் புள்ள" என்று அடக்கி வைத்தேன். சீக்கிரம் பார்.

உன்,
நாகநாதன்

காரைக்குடி
9.3.1971

அன்புள்ள நாகநாதா,

சிறு தடங்கல். குழு முடிவெடுக்க ஐந்து புள்ளி வேண்டுமென்று விதி செய்திருந்தோம். எங்கள் நகரத்தார் கணக்கில் தம்பதியாக வாழ்பவர் ஒரு புள்ளி, மனைவியை இழந்தவர் அரைப்புள்ளி. போன மாதம் எங்கள் உறுப்பினர் சத்தியமூர்த்தியின் மனைவி காலமானார். இப்போது நாலரைதான் இருக்கிறது. விதியை மாற்றலாமென்றால் அதற்கும் ஐந்து வேண்டும். அவருக்குப் பெண் பார்த்து வருகிறோம். நான்கு ஜாதகம் வந்திருக்கிறது. அதற்குள் மூடியை மாட்டிவிடாதே. எனக்குத் தலைகுனிவாகிவிடும்.

அன்புடன்,
முத்தப்பன்

காரைக்குடி
14.6.1971

அன்புள்ள நாகநாதா,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா? அழகியின் வாய்க்குப் பயந்து நானும் அங்குட்டு வரவில்லை.

நல்ல செய்தி. வைகாசியில் சத்தியமூர்த்தியின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. மறுநாளே ஐந்து புள்ளியும் கூடி உன் மூடிக்கு ஒப்புதல் அளித்தோம். படிவம் இத்துடன் இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுபவரின் பெருவிரல் ரேகை வேண்டும். பெண் என்றால் வலக்கை. அழகியிடம் வாங்கி அனுப்பு. பெயர்ப்பலகையும் வந்துவிட்டது. நீலம் எடுப்பாக இருக்கிறது.

உன்,
முத்தப்பன்

நெற்குப்பை
21.6.1971

கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. நீங்கள் கேட்டபடி வலக்கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறது. அது பொன்னுத்தாயியுடையது. சித்திரை பத்தாம் தேதியிலிருந்து அவள்தான் இயந்திரத்தில் நிற்கிறாள். அன்று சாயங்காலமே மூடியை மாட்டிவிட்டேன்.

அழகி இடக்கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பெ. நாகநாதன்