லெப்பையை நிறுத்தியது

ஹிஜ்ரி 1330, ரஜபு பிறை 9, திங்கள் இரவு.

பேரன் யூசுபுக்கு அரபு சொல்லித்தரும் லெப்பையை இன்று நிறுத்திவிட்டேன். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். ஒரு வரி அரபு, உடனே இங்கிலீசு, நடுவில் சிரிப்பு வேறு. இங்கிலீசு படித்துத்தான் என் தம்பி தொழுகையை விட்டான். அதை நான் மறக்கவில்லை.

"ஓதுத இடத்துல வெள்ளக்காரன் பேச்சு எதுக்கு லெப்பை? நாளையிலேர்ந்து வராண்டாம்" என்றேன். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யூசுபு அழுதான். "வாப்பும்மா, பள்ளிக்கூடப் பரீட்சையில அரபுக்கு அர்த்தத்த இங்கிலீசுலதான் எழுதணும். ரெண்டும் தெரிஞ்சவரு இங்கன வேற யாரு இருக்கா?"

எனக்கு இது தெரியாது. ஆளனுப்பிக் கூப்பிடலாம். போகச் சொன்ன யாரையும் நான் திரும்பக் கூப்பிட்டதில்லை.

யூசுபு தனியே படிக்கிறான். அரபு வரி கேட்கிறது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.