விரல் மடக்கிய மூன்று சாட்சிகள்

நலம் பெருகுக. மழை தவறாத பூம்பொறை நாட்டை ஆளும் வேலேந்திப் பெருமானின் ஆணைப்படி, தலைமை அமைச்சன் செங்கண் ஆதன், கருவேணியாற்றின் அக்கரையில் அறநூல் கற்பிக்கும் கல்லூரியின் தலைவரும் என் ஆசானுமாகிய கண்ணந்தையாரை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சுவடிகள் நலமென நம்புகிறேன். தங்கள் மாணாக்கரைப் பற்றிய நம்பிக்கை நேற்றோடு போயிற்று.

ஓடக்காரன் வெள்ளன் வேண்டுமென்றே ஓடத்தைக் கவிழ்த்தான் என்று மேல்துறை ஊர்க்கிழார் அவையில் வழக்குரைத்தார். குற்றம் மெய்யானால் ஓடம் எரிக்கப்படும். வெள்ளன் நாடு கடத்தப்படுவான். துறை ஊர்க்கிழாருக்குப் போகும். சாட்சியாக உப்பு விற்பவனும் எண்ணெய் ஆட்டுபவனும் ஆடு மேய்ப்பவனும் வந்தார்கள். மூவரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விரலாக, சுண்டுவிரல் தொடங்கி மடக்கிப் பேசினார்கள். ஆடு மேய்ப்பவனோ, முடிவில் மார்பில் கைவைத்து, இவ்வளவே தன் வாதம் என்று தலைதாழ்த்தினான். ஆசானே, அந்தப் பழக்கம் உலகில் வேறெங்கும் இல்லை. தங்கள் வகுப்பில் மட்டுமே உண்டு.

ஆட்டுக்கார அண்ணன் எந்த ஆண்டு கல்லூரியில் தேறினார் என்று வெள்ளன் கேட்க, அது பின்வரிசைவரை பரவி, அவை சிரித்தது. இப்படிப் பேசப் பழக்கியவர் யார் என்று நான் ஆட்டுக்காரனைக் கேட்டேன். ஆட்டுக்காரன் அழுதுகொண்டே, தான் எதையும் பார்க்கவில்லை என்றும், அவை வாசலில் ஆலமரத்தடியில் அமர்ந்து சாட்சிகளைப் பழக்கும் இளநாகன் சொல்லிக்கொடுத்ததையே சொன்னதாகவும் ஒப்புக்கொண்டான். வெள்ளன் விடுதலையானான்.

இளநாகன் தங்கள் கல்லூரியில் முதலாவதாகத் தேறிய மாணாக்கன். அழைத்துக் கேட்டேன். ஆண்டுக்கு நாற்பது பேர் தேறுவதாகவும், அவையில் மூன்றே இருக்கைகள் ஒழிவதாகவும், மற்ற முப்பத்தேழு பேரும் கற்றதைத் தின்பதா என்றும் கூசாமல் கேட்டான். பொய்யை அழகாகச் சொல்லப் பழக்குவதும் ஒரு தொழிலே என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாயிருந்தது. ஆயினும் அவன் கேட்ட கணக்குக்கு என்னிடம் விடை இல்லாதது அதைவிட அருவருப்பாயிருந்தது. நாற்பது பேருக்குச் சட்டம் கற்பித்து, அவையைத் தவிர வேறு வாசலே காட்டாமல் அனுப்புபவர் தாங்கள். அதைப் பாராதிருந்தவன் நான்.

ஆகவே மன்னர் ஆணை இது. இனித் தேறுவோர் மதகுதோறும் நீர்ப்பங்கு தீர்ப்பவராகவும், எழுத்தறியாதார்க்கு ஆணைகளைப் படித்துச் சொல்பவராகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடப்போரைக் கண்டு பெயர் எழுதுபவராகவும் அமர்த்தப்படுவர். இவற்றைக் கடைசி ஆண்டிலேயே கற்பிக்க வேண்டும். அவைக்கு முன்னுள்ள ஆலமரத்தடி இன்றே காலிசெய்யப்படும்.

இவ்வோலையை இளநாகனே கொண்டுவருகிறான். நாற்பது மாணாக்கர் முன்னும் அவனே உரக்கப் படிக்கட்டும். பின்பு ஓராண்டு மேல்துறையில் அமர்ந்து, ஆறு கடப்போர் கேட்கும் விண்ணப்பங்களைக் கைம்மாறு இன்றி எழுதுவான். அக்கரைக்கு ஒரே ஓடந்தான் உண்டு. அதை வெள்ளன் ஓட்டுகிறான். வழியில் வெள்ளன் பேசுவதையெல்லாம் இளநாகன் மறுமொழியின்றிக் கேட்டு வர வேண்டும் என்பதும் ஆணையில் அடங்கும்.

ஓலை எழுதுபவனுக்கு இந்த ஆணைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் என் சுண்டுவிரலும் தானே மடங்கியது. நிமிர்த்திக்கொண்டேன்.

வேங்கை முத்திரை இட்டோம். ஆணை நிற்க, நாடு தழைக்க.