கருவூல அதிகாரி சாகவில்லை

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பையெல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு பத்துப் பேர் கூடி ஒரு புத்தகத்தை அலசுவோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இந்த மாதம் உன் நாவல்! புனைபெயரில் எழுதியிருப்பதால் அது உன்னுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தையற்கடைக்காரி இரண்டு நாளாக ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லையாம். கோட்டைச் சுரங்கத்தில் விளக்கு அணைகிற இடம் வந்ததும், எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் தாழ்போட்டாளாம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனையில் சமையற்காரன்கூடவா கடிதம் எழுதுவான் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மூக்கைச் சுளித்தார். அரசி புலம்புகிற பகுதி இழுவை என்றார் பேருந்து நடத்துநர். எனக்கும் அப்படித்தான் பட்டது, கோபித்துக்கொள்ளாதே.

பிறகு பல் மருத்துவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கருவூல அதிகாரிக்குப் பாலில் கலந்து கொடுத்த விஷப்பொடி ஒரு சிட்டிகைதானே, அதற்கு ஆள் வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவான், கொலையே நடக்காத கொலைக்கதை இது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. இனிமேல் எழுதப் போவதில்லை என்று போன கடிதத்தில் நீ எழுதியிருந்தது வேறு நினைவுக்கு வந்தது.

அப்போது பார்க்கிறேன், வாசலில் உன் அப்பா! கையில் மருந்துக்கடைச் சாவி. நீ மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுதப் போனதிலிருந்து, மூன்று வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிரதியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். அதை எடுத்துப்போய்க் கடையில் இரண்டு தடவை படித்திருக்கிறார், திருட்டு மனிதர்!

உட்காரக்கூட இல்லை. இத எழுதினது என் பொண்ணு, என் தராசுக்குப் பக்கத்துலயே வளர்ந்தவ, அளவுல அவ தப்புப் பண்ணவே மாட்டா, வேணும்னுதான் கம்மியா போட்டிருக்கா, பொணத்த யாராவது பாத்தாங்களா, மூடின பெட்டிதானே போச்சு, ஆளு சாகல என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அறையே அமர்க்களப்பட்டது. தலைமையாசிரியர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பெட்டி மூடித்தான் இருந்தது! தையற்கடைக்காரி கைதட்டினாள். அப்படியானால் இரண்டாம் பாகம் எப்போது என்று பல் மருத்துவரே கேட்டார். வரும் வரும் என்று உன்னைக் கேட்காமலே இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்ததும் மாடி அறையில் அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகளைக் கீழே இறக்கி, உன் மேசையைத் துடைத்து ஜன்னலோரம் போட்டார். எதற்கு என்று கேட்டால், ஒரே ஒட்டடை என்கிறார்.

கண்ணே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சிட்டிகை நீ வேண்டுமென்றே போட்டதா, தெரியாமல் போட்டதா? தெரியாமல் என்றால் பதில் எழுதாதே. மாவு டப்பாவுக்குப் பின்னால் இனி எதையும் ஒளிக்க முடியாது. நேரில் வந்து என் காதில் மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அதிகாரியை எப்படியாவது பிழைக்க வைத்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் வரவுக்காக,
அம்மா