எந்தக் காதை நம்புவது, மாப்ள?

என் சாகுல் மாப்ளைக்கு,

நல்லாருக்கியா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டு என்ன செய்ய? நீ இருக்கிற இடத்திலிருந்து பதில் வராது என்று தெரிந்தும், இங்கே நடப்பதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் முழுசாக நடந்த மாதிரி இல்லை. இந்தத் தடவை சேதி என்னைப் பற்றியது. உன்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பொறுமையாகக் கேள்.

நான் மில்லிலிருந்து ஓய்வு பெற்று ஆனையூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒருநாள் நீ வந்து நேராகப் பரண்மேல் ஏறினாயே, நினைவிருக்கிறதா? நீ தபேலாவும் நான் ஹவாயன் கிட்டாருமாகக் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போய்வந்தோமே, அந்தக் காலத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். பிள்ளைகள் பிறந்து, மில்லில் ஷிப்டு மாறி மாறி வந்து, எப்போது மூடினேன் என்றே தெரியாமல் மூடிவைத்த பெட்டி. திறந்து கம்பிகளைத் தடவிப் பார்த்தாய்.

"இம்புட்டுத் துருவா? இத வச்சு ஒங்க வயலுக்கு வேலிதேன் போடலாம் மாப்ள."

அடுப்படியில் என் ஜெயா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மறுநாளே புதுக் கம்பிகளோடு வந்து நின்றாய். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயே கொடுக்கவில்லை நீ.

காஜிமார் தெருவில் உன் தையல்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார ஆரம்பித்தோம். முதல் மாதம் நான் வாசித்ததை வாசிப்பு என்றே சொல்லக்கூடாது. மற்ற கிட்டாரில் விரலை அழுத்தினால் சுரம் தானாக வந்து நிற்கும். மடியில் படுக்கவைத்து வாசிக்கிற இதில் அழுத்த எதுவும் இல்லை. இடது கையில் பிடித்த எஃகுத் துண்டு கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போகும். எங்கே நிற்க வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். மயிரிழை தள்ளி நின்றாலும் போச்சு. அப்படித் தள்ளி நின்றபோதெல்லாம் நீ தபேலாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாய். திட்டமாட்டாய். அந்தப் பார்வைக்குப் பயந்தே கை திருந்தியது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் பழைய வழுக்கல் எனக்குத் திரும்பிவிட்டது. தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து இளவயதில் நாம் கட்டிய மெட்டை, நீ வண்டியூர் மெட்டு என்று பேர் வைத்ததை, முதல் தடவையாகப் பிசகில்லாமல் வாசித்து முடித்தேன். கீழே இறங்கிப் போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாய்.

பிறகு நீ போய்விட்டாய். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி, மதியத் தொழுகைக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னவன் எழுந்திருக்கவே இல்லை.

நான் கிட்டாரைத் தொடவில்லை. உன் மனைவி மெகர், புருஷன் போனால் வெளியே வராமல் இருக்கிற இத்தா காலம் முழுக்க வீட்டோடு இருந்து, அது முடிந்து கடைக்கு வந்த வாரம் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, மாடி சும்மாதேன் கெடக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா படியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வந்து வாசிங்க." போனேன். உன் தபேலாக்கள் மூலையில் துணி போர்த்தி இருந்தன. அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வாசிக்க முடிந்தது.

நான்கைந்து வாரம் நன்றாகவே போனது. ஒருநாள் மேல்கம்பியைத் தட்டினால் இரண்டு சத்தம் வருகிறது. ஒன்று சரியாக, இன்னொன்று அதற்குச் சற்று மேலே, பக்கத்து வீட்டில் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி. கம்பி கெட்டுவிட்டது என்று மாற்றினேன். மரம் வளைந்துவிட்டதோ என்று வாத்தியக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, "பெட்டி தங்கமா இருக்குண்ணே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எதேச்சையாக ஒரு காதைச் சொறிந்தேன். காது மூடிக்கொள்ள, ஹாரனின் சுதி சட்டென்று இறங்கியது. கையை எடுத்தால் ஏறியது. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து என்னென்னமோ சத்தம் கொடுத்தார். "வருஷக்கணக்கா மில் சத்தத்துல இருந்திருக்கீங்க. இடது காது நரம்பு பழுதாயிருக்கு. ஒரே சத்தத்த ஒங்க ரெண்டு காதும் வேற வேற உயரத்துல கேக்குது" என்றார்.

"எது சார் நெசம்?"

"சுதிக்கு வலது காதுதான் ஓரளவு சரி. ஆனா அதுல கேக்கிற சக்தி ரொம்பக் கொறஞ்சுருச்சு. சத்தமா கேக்குறது இடது காதுல."

புரிகிறதா மாப்ள? பொய் சொல்கிற காது உரக்கச் சொல்கிறது. உண்மை சொல்கிற காதுக்குக் குரல் இல்லை. காது மிஷின் மாட்டினால் பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டுக்கு உறுதி சொல்லமாட்டேன் என்றார். சரியாகுமா என்றால், பார்ப்போம் என்றார்.

போனில் சுதி காட்டுகிற ஆப் இருக்கிறது. கம்பிகளைச் சேர்க்க அது போதும். கை வழுக்கிக்கொண்டு போகையில் அதையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அது சரி என்று பச்சை காட்டுகிற இடத்தில் என் காது தப்பு என்று கத்துகிறது. காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி எப்படிப்பா வாசிப்பது? நீ இருந்தால் உன் முகத்தைப் பார்த்தே வாசித்திருப்பேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஜெயாவிடம்கூட. சொன்னால் வாசிக்கப் போகாதே என்பாளோ என்று ஒரு பயம். சொன்னதும் அது நிஜமாகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அந்த நேரத்தில்தான் உன் மகள் ஷமீமா வந்தாள். நீ பேசி முடித்துவிட்டுப் போனாயே, அந்த வாடிப்பட்டி மாப்பிள்ளைதான். கல்யாணத் தேதி வைத்துவிட்டார்கள். "மாமா, அத்தா இருந்திருந்தா தபேலாவத் தூக்கிட்டு மேடையேறியிருப்பாக. நீங்களாச்சும் அந்த வண்டியூர் மெட்ட வாசிக்கணும். அது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். உன் மகள் கேட்டு நான் எதற்கு முடியாது என்றிருக்கிறேன்? "வாசிக்கிறேன்மா" என்றேன்.

வீட்டில் தினமும் பழகினேன். நல்லாருக்கா, நல்லாருக்கா என்று ஜெயாவைக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தேன். "நல்லாத்தேன் இருக்கு" என்று மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். பேரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். என் சம்பந்தி, பிரமாதம் என்றார். எல்லோரும் என்மேல் பிரியமாக இருந்தார்கள். அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு சுதி சேர்க்க முடியவில்லை.

வாடிப்பட்டி ரோட்டில் மண்டபம். நிக்காஹ் முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால் கூப்பிட்டார்கள். இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போயிருந்தேன். மடியில் கிட்டாரை வைத்து ஆரம்பித்தேன். கீழே இருக்கிற வரிகள் வந்துவிட்டன. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில், ஷமீமாவைப் பார்த்தேன். உன் கண்ணும் உன் மூக்கும். அவ்வளவுதான், கை போன இடம் எனக்குத் தெரியவில்லை. சரியாக நிற்கிறேனா, தாண்டிவிட்டேனா? வலது காதில் ஏதோ தூரத்துச் சத்தம். பஞ்சையும் மீறி இடது காது வேறொன்று சொல்கிறது. சாப்பாட்டுக்கு நின்றவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஷமீமா அழுதாள். எப்படியோ முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மறுபடி பரணுக்கு ஏற்றிவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மெகர் கல்யாண இனிப்போடு வந்தாள். ஜெயா காபி போட உள்ளே போனதும் பரணை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு என்னாச்சு ஒங்களுக்கு?"

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லா இல்லண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்ள. வருத்தத்தில் இல்லை. இத்தனை மாதத்தில் ஒருத்தி நிஜத்தைச் சொல்லிவிட்டாள்.

"எனக்குச் சுதியெல்லாம் தெரியாது. அவுக இருக்கையில நீங்க வாசிச்சா மனசு கரையும். அன்னைக்கு மேல போகப் போகப் பல்லு கூசுச்சு. ஷமீமா அத்தா நெனப்புல மட்டுமா அழுதா? மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சும்மானு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதா."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயா காபி டம்ளரோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "நான் பாட்டுக்கு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனே. எங்கிட்டக்கூடவா மறைப்பீக?" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெகர் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதேன். அவுகளும் இப்படித்தேன் செஞ்சாக. எல்லாம் முடிஞ்ச பெறகு மெஷின் டிராயரத் தொறக்கேன், நெஞ்சு வலிக்குப் போடுற மாத்திர கெடக்கு. பாதி தின்னு முடிச்ச அட்ட. யாருகிட்டச் சொன்னாக? எம்புட்டு நாளா வலிச்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மக கல்யாணம் நின்னுரும்னு பயந்தாகளோ, என்னவோ. நீங்களும் மறைங்க. நல்லா மறைங்க."

எனக்கு அது தெரியாது, சாகுல். சத்தியமாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தாய். என்னடா என்றதற்கு, "வயசாயிருச்சுல்ல, தபேலா அடிச்சா கை புடிச்சுக்குது" என்றாய். நான் நம்பினேன். தைலம் வாங்கித் தந்தேன். ஒரு சுரம் தள்ளினால் கண்டுபிடிக்கிறவன் நீ. உன் குரலில் தள்ளியிருந்ததை நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை? நீ ஏன் சொல்லவில்லை? மெகரை விடு, எனக்குச் சொல்வதற்கு என்னடா உனக்கு? ஆஸ்பத்திரிக்கு நான் கூட வந்திருக்கமாட்டேனா?

இந்தக் கேள்வியோடுதான் இப்போது தினமும் எழுந்திருக்கிறேன். உன்னைக் கேட்கவும் முடியவில்லை, என்னை மன்னிக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு மெகர் போவதற்கு முன்னால், "எறக்குங்கண்ணே அத" என்றாள். இறக்கினேன். "வாசிங்க. எங்க கூசுதோ அங்க சொல்றேன்" என்றாள். மேலே போனபோதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். கீழ்க்கம்பிகளில் இரண்டு காதும் அநேகமாக ஒத்துப்போகின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. மெட்டு மொத்தத்தையும் கீழே இறக்கி வாசித்துப் பார்த்தேன். நம் மெட்டுதான், ஆனால் அதற்கு வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே இருந்து ஜெயா, "இது பரவால்ல" என்றாள். பேசமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. சில நாள் கீழ்க்கம்பியிலும் காதுகள் சண்டை போடுகின்றன. இப்போது இடது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம் புதிதாக. டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை ஜெயாவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

ஷமீமாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "மாமா, அந்த எடத்த வெட்டிரவான்னு வீடியோக்கார அண்ணன் கேட்டாரு. வேணாம்னுட்டேன்" என்றாள். ஏம்மா என்று கேட்டேன். "நீங்க எனக்காக வாசிச்சது அது" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மாப்ள. காது எதுவரை துணைக்கு வருகிறதோ அதுவரை வாசிப்பேன். மாடியில் உன் தபேலாக்களுக்கு நேரே உட்கார்ந்தே வாசிப்பேன். ஒருநாள் காது முழுசாகப் போகும். போகட்டும். அன்றைக்கு ஜெயாவிடமும் மெகரிடமும், "இன்னையோட கேக்கல" என்று என் வாயாலேயே சொல்வேன். நெஞ்சில் ஒரு சின்ன வலி வந்தாலும் சொல்வேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதனால் நன்றாகக் கேட்டுக்கொள்: உன்னை மாதிரி நான் சொல்லாமல் போகமாட்டேன்.

மெகருக்கு அண்ணன்,
அதனால் உனக்கு என்றைக்கும் மச்சான்,
தவமணி