பத்தாவது கள்ளி வண்டியேறிய ஓலை

நலம் முந்துக, சொல் பிந்துக.

ஏழு மடைகளும் வற்றாத ஏழ்மடை மாநகரிலிருந்து, அணை முறிந்த ஆண்டில் மண்மூட்டையோடு மூட்டையாகத் தம் தோளையும் அடுக்கிக் கொடுத்தவராகிய நீர்த்துறை நாட்டு மன்னர், மடைகாத்த பெருமான் நன்னிலங்கோவின் ஆணைப்படி அவர் பேரமைச்சர் பூழிநாடர் எழுதுவித்து விடுக்கும் ஓலை. வெயிலைக் குடையாகவும் மணலை மதிலாகவும் உடையவரும், கொடுத்த சொல்லைக் கோடைக்காற்றிலும் கலைய விடாதவருமாகிய வெண்மணல் நாட்டு வேந்தர் முரம்பர் காண்க.

தங்கள் ஒட்டகங்கள் நலமா, கிணறுகள் ஊறுகின்றனவா, தங்கள் மருமகளும் எங்கள் இளவரசியுமான எழினி இந்த ஏழாம் மாதத்தில் வாய்க்குப் பிடித்து இரண்டு கவளமாவது உண்கிறாளா என்று இந்நாடு கேட்கிறது. கடைசிக் கேள்வி அவையில் எழுந்ததன்று. அவளைத் தோளில் போட்டு வளர்த்த செவிலித்தாய் சேந்தி, ஓலையில் அதைச் சேர்க்காவிட்டால் எழுத்தாணியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று நின்றபடியால் சேர்க்கப்பட்டது.

சென்ற ஆண்டு மணநாளில் தாங்கள் பத்துக் கள்ளிச் செடிகளைச் சீராக அனுப்பினீர்கள். ஒப்படைத்த கள்ளி பட்டுப்போகும் வீடு பேறுகாலத்துக்கு ஆகாது என்பது தங்கள் குலவழக்கு. ஆகவே தங்கள் தூதர் வந்து எண்ணும்போது பத்தும் உயிரோடு நின்றால்தான் எழினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள் என்று தாங்கள் விதித்தீர்கள். எங்கள் மன்னரும் கையடித்து ஒப்பினார். வேலியோரம் தானாக முளைப்பதை வளர்க்கவா நமக்குத் தெரியாது என்று அன்றைய பந்தியில் சிரித்தவர்களுள் இவ்வோலை எழுதுவிக்கும் அமைச்சரும் ஒருவர். அந்தச் சிரிப்புக்கு இப்போது வட்டியும் முதலுமாக அனுபவிக்கிறார்.

எங்கள் நாட்டில் மரியாதை என்றால் தண்ணீர். வாசலுக்கு வந்தவர் பகைவரே ஆனாலும் முதலில் ஒரு செம்பு நீர் நீட்டிவிட்டுத்தான் பிறகு வாளை உருவுவோம். சம்பந்தி வீட்டுச் சீர் என்றால் கேட்க வேண்டுமோ! அரண்மனைச் சடங்குகளுக்குப் பொறுப்பாளரான முறைகாவலர் கூத்தங்காரி, பத்துக் கள்ளிகளுக்கும் நாளுக்கு மூன்று வேளை சங்கூதி நீராட்டினார். ஒழுகும் பாத்திரம் வீட்டுக்கு ஆகாது என்று துளையில்லாக் கல்தொட்டிகளில் நட்டார். விருந்தாளியை வெயிலில் நிறுத்துவது பண்பா என்று கேட்டு, உள்மண்டபத்தில் பட்டுத்திரைக்குப் பின்னால் அவற்றை வைத்தார். அதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை என்பதை மன்னர் சான்றுரைக்கிறார்.

தன் பெண் வாழும் மண்ணிலிருந்து வந்தவை என்பதற்காகவே சேந்தி நாள்தோறும் அவற்றைப் பார்க்கப் போவாள். மழைக்காலம் முடியும் தறுவாயில், பந்துபோல் இருந்த கள்ளிகள் கழுத்து நீண்டு, வெளிறி, சாளரத்துப் பக்கம் சாய்வதை முதலில் கண்டவள் அவளே. பத்தில் தடித்த இலைகளையுடைய கள்ளிகளின் அடியிலைகள் கண்ணாடிபோல் நீர்கோத்து, விரல் பட்டால் உதிர்ந்தன. வாடுகிறது, இன்னும் ஒரு செம்பு ஊற்றுக என்றார் கூத்தங்காரி. ஊற்றினார்கள்.

பத்தாவது செடி ஆளுயரக் கள்ளி. தாங்கள் தங்கள் முற்றத்திலிருந்து தங்கள் கையாலேயே பெயர்த்துக் கொடுத்தது. அதன் அடித்தண்டைச் சேந்தி அழுத்தினாள். விரல் அழுகிய பூசணிக்குள் போவதுபோல் உள்ளே போயிற்று. மறுநாள் அவை கூடியிருக்கையில் அவள் அச்செடியை வேரோடு தூக்கிவந்து, மன்னர் முன்னே கிடத்தினாள். வேரெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. நாற்றம் தாங்காமல் இரண்டு படைத்தலைவர்கள் எழுந்து போனார்கள். அப்போது அவள் சொன்னதை ஓலைநடைக்குத் திருத்தாமல் பொறிக்கும்படி மன்னரே பணித்தமையால் பொறிக்கிறோம்: “குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே கொன்னுட்டீங்களே ஐயா! எம்புள்ள அங்க வயித்தைத் தள்ளிக்கிட்டு வழி பாத்துக்கிட்டு இருக்காளே, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

பத்துச் செடிகளையும் அவள் தன் வீட்டுக்கே கொண்டுபோக மன்னர் விட்டுக்கொடுத்தார். கூத்தங்காரி மட்டும், சங்கு இல்லாமல் சீர்ப்பொருள் தெருவில் போவதா என்று புலம்பிக்கொண்டே பின்னால் நடந்தார்.

சேந்திக்கும் எடுத்த எடுப்பில் எல்லாம் தெரிந்துவிடவில்லை. தொட்டிகளின் அடியில் துளையிடச் செய்தாள். களிமண்ணைக் கொட்டிவிட்டு, பருமணலும் செங்கல் நொறுக்கும் கலந்து நிரப்பினாள். கறுத்த வேர்களை நறுக்கி, நல்ல வேர்களைக் காயவிட்டு நட்டாள். அதுவரை சரி. பிறகு ஆத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டைமாடி உச்சிவெயிலில் வைத்தாள். திரைக்குள் இருந்து பழகிய உடம்பு, மூன்றாம் நாளே இரண்டு செடிகளின் தோல் வெந்து பழுப்பேறிற்று. அந்தத் தழும்பு இனி மாறாது. தங்கள் தூதர் வரும்போது அதை மறைக்கவும் மாட்டோம். அதன்பின் காலை வெயிலில் ஒரு நாழிகை, மறுவாரம் இரண்டு நாழிகை என்று பழக்கினாள்.

தண்ணீர்மேல் வந்த கோபத்தில் ஒரு மாதம் ஒரு சொட்டும் காட்டவில்லை. அதிலும் ஒரு பிழை. நான்காவது செடி சுருங்கிச் சூம்பியது; அதுவும் அழுகல்தான் என்று அவள் கத்தியை எடுத்துவிட்டாள். வெட்டுமுன் அடித்தண்டை அழுத்திப் பார்த்தாள். அழுகிய செடி சொதசொதவென்று அமுங்கும், மஞ்சளிக்கும், நாறும். இது இறுகித்தான் இருந்தது, தோல் மட்டும் கிழவன் கைபோல் மடிந்திருந்தது. இது நோயன்று, வெறும் தாகம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துளைவழியே வழியும்வரை நன்றாக ஒருமுறை நீர் விட்டாள். நான்கே நாளில் செடி உப்பிக்கொண்டது. அன்றிலிருந்து, மண்ணில் விரலை முழுதாக விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் ஒழிய செம்பைத் தொடுவதில்லை. முட்களின் இடுக்கில் பஞ்சுபோல் அப்பியிருந்த மாவுப்பூச்சியை வேப்பெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள். முள் குத்தி அவள் விரல்கள் வீங்கின. வாய் ஓயாமல் திட்டிற்று, கை நிற்கவில்லை.

இவ்வாறு ஒன்பது பிழைத்தன. பத்தாவதுக்கு வருவோம்.

அதன் வேரும் போயிற்று, அடித்தண்டும் போயிற்று. சேந்தி அனலில் காட்டிய கத்தியால் அழுகலை அறுத்துக்கொண்டே மேலேறினாள். அறுத்த முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றும் இல்லாத இடம் வந்தபோது, ஆளுயரச் செடியில் ஒரு முழம் தலைதான் மிஞ்சியது. காயத்தில் கரித்தூள் அப்பி, நிழலில் வெறுந்தரையில் பன்னிரண்டு நாள் கிடத்தினாள். அறுத்த இடம் காய்ந்து தழும்பு கட்டிய பிறகே மணலில் நட்டாள்.

இதற்கிடையில் கூத்தங்காரி ஒரு யோசனை சொன்னார். எங்கள் வேலிக்கள்ளியில் ஆளுயரமாக ஒன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்துவிட்டால், வரும் தூதர் பத்து என்று எண்ணிவிட்டுப் போய்விடுவார் என்றார். மறைப்பானேன், பேரமைச்சரும் அதற்குத் தலையசைத்தார். எழினியைச் சிறுமியாகக் கண்ட கண்கள் அவருடையவை. வந்தால் போதும் என்றிருந்தது. சேந்தி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “பொய்யைச் சொல்லிப் புள்ளையக் கூட்டியாந்தா, நாளைக்கு அந்த வீட்டுல அவ சொல்றது எதைய்யா நம்புவாங்க? நீங்க ஒரு நாள் பொய் சொல்லிட்டுப் போயிருவீங்க, அவ அங்க காலம்பூரா வாழணும்ல?” என்றாள். பேரமைச்சர் வெட்கிப்போனார். இந்த ஓலை அந்த வெட்கத்தில் பிறந்தது.

ஆகவே மன்னர் தங்களிடம் உள்ளதை உள்ளபடி வைக்கிறார். ஒன்பது கள்ளிகள் சேந்தி வீட்டு மாடியில் நிற்கின்றன. பத்தாவதை நாங்கள் பிழைத்தது என்றும் சொல்லவில்லை, பட்டது என்றும் சொல்லவில்லை. அதனை இவ்வோலையோடு வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். சேந்தி இன்று காலை அதை இலேசாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது வர மறுத்தது. உள்ளே வேர் பிடித்திருக்கிறது என்கிறாள். தாங்கள் வளர்த்த செடி. தங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் தங்கள் வழக்கே வெல்லட்டும். எழினி அங்கேயே ஈன்றெடுக்கட்டும், நாங்கள் ஒரு சொல்லும் பேசோம். வர மறுத்தால், அது பிழைத்த வீட்டுக்கு எங்கள் பெண்ணை அனுப்பிவையுங்கள்.

வண்டியில் செடிக்கு வேண்டிய இடம் ஒரு முழம்தான். மீதி இடமெல்லாம் சேந்தி இலவம்பஞ்சு மெத்தை விரித்து, முதுகுக்குத் திண்டும் சாய்த்து வைத்திருக்கிறாள். செடிக்கு எதற்கு மெத்தை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

இது மடைகாத்த பெருமானின் மீன் இலச்சினை பதித்து முடிந்த ஓலை. இதனோடு எங்கள் எல்லைவரையுள்ள ஏழு சுங்கவாயில் காவலர்க்கும் அரசாணை பிறக்கிறது: இவ்வண்டி போகும்போது, சம்பந்தி நாட்டுக்குப் போகும் சீர் என்று எவரும் செம்பு நீட்டலாகாது, செடிமேல் ஒரு சொட்டு நீர் தெளித்தவர் சேந்தியிடம் ஒப்படைக்கப்படுவார். வண்டி திரும்பும்போது திரையை விலக்கிப் பார்க்க. மெத்தை வெறுமையாக இருந்தால் வாய் திறவாமல் வழிவிடுக. எழினி இருந்தால், ஏழு வாயிலிலும் செம்பு நிறையத் தண்ணீர் கொடுக்க.