கேட்காமல் எடுத்த இலை

ஹார்னோசாண்ட்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ஹென்னிங்,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சொல்லும்படியாகக் குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே லிஸ்பனில் வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது இல்லையா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே பனி ஒருவழியாகப் போய்விட்டது, வடக்குச் சுவரோரம் மட்டும் கறுத்துப்போன ஒரு குவியல் அப்பாவோடு பிடிவாதம் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, அவரும் தினமும் போய் அதைக் குத்திக் கிளறிவிட்டு வருகிறார். தோட்டத்தில் ருபார்ப் செடி சிவப்பாக முளை விட்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, டாக்டரிடம் போகச் சொன்னால் அந்த நேரம் மட்டும் காது கேட்காமல் போய்விடுகிறது. நீ ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பார். இல்லாவிட்டாலும் உன் குரலையாவது கேட்பார்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். சன்னாவின் செடி டிசம்பரிலேயே செத்துப்போனது, ஹென்னிங். கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அக்காவின் பெயரை எடுத்தாலே நீ பேச்சை மாற்றுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செடியில் உனக்கும் பங்கு உண்டு, அதனால் நடந்ததை எல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது போன பல் டாக்டரின் காத்திருப்பு அறை உனக்கு நினைவிருக்கும். ஜன்னல் விளிம்பில் வரிசையாகத் தொட்டிகள், அதில் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை விரித்து, சாம்பல் பூத்த பச்சையில் ஒரு சின்னச் சதைப்பற்றுச் செடி. அவள் அதிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கையுறைக்குள் போட்டுக்கொண்டாள், நீ வாசலில் நின்று யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு. வெளியே வந்ததும் நான் தெருவிலேயே உங்கள் இருவரையும் வைதேன், திரும்பிப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வா என்றேன். அதற்கு அவள், "கேட்டு வாங்கினா வேர் விடாதும்மா, திருடினாத்தான் பிடிக்கும், ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாமல் என்ன, என் சமையலறை ஜன்னலில் இருந்த ஜெரேனியம் செடிகள் எல்லாம் எப்படி வந்தவை என்று நான் அன்றைக்கு உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஓர் இலையில் வந்ததுதான் அவள் செடி. அவள் படிக்கப் போன இடத்துக்கும் போனது, மத்தியாஸைக் கட்டிக்கொண்டு குடிபோன வீட்டுக்கும் போனது. கடைசிக் கோடையில் அவள் அவர்கள் சமையலறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் சும்மா இருக்க முடியாமல் ஜன்னலில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். "வேணாம்மா. அதுக்குப் பசியே எடுக்காது, நீ ஊட்டியே கொன்னுடுவ" என்று சிரித்தாள். சிரிக்கவே மூச்சு வாங்கியது அவளுக்கு. அடக்கம் முடிந்தபின் நான் மத்தியாஸிடம் அந்தச் செடி எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அவன் தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு அது வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, பெற்றவளுக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் பிறகுதான் என்று இருந்தேன். அதற்கப்புறம் யாரையும் அதைத் தொட விடவில்லை. எதிர்வீட்டு மைக்கென் ஓர் இலை கிடைக்குமா என்று வாய்விட்டே கேட்டாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் அப்படிச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே எந்தச் செடியும் ஒரே வீட்டில் இருப்பதில்லை, ஒரு வீட்டில் பட்டுப்போனால் இன்னொரு வீட்டிலிருந்து திரும்பி வரும், அதற்குத்தானே ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து வைப்பது.

போன செப்டம்பரில் மத்தியாஸ் லொவீசாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் பெயரை நீ அப்பா வாயால் கேட்டிருப்பாய், நான் சொல்லியிருக்க மாட்டேன். சன்னா போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அப்பா வாங்க வாங்க என்று கதவைத் திறந்தார். நல்ல பெண்தான், உயரமாக இருந்தாள், காலுறையோடு மெதுவாக நடந்தாள், எதற்கும் அடக்கமாகப் பதில் சொன்னாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் காபி போட உள்ளே போய்விட்டேன். அவர்கள் போனபிறகு பார்த்தால் செடியின் அடிவரிசையில் ஓர் இலை இல்லை, பல் விழுந்த இடம் மாதிரி, காயம்கூட இன்னும் ஈரமாக இருந்தது. நான் உடனே மத்தியாஸுக்குப் போன் செய்து, சன்னாவின் இடத்துக்கு வந்தது போதாதென்று சன்னாவின் செடியிலும் கை வைக்கிறாளா என்று கேட்டேன். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னேன். அப்பா பேப்பரைக்கூடத் தாழ்த்தாமல், "உன் பொண்ணு திருடினா கெட்டிக்காரி, அவன் பொண்டாட்டி திருடினா திருடியா? நல்லா இருக்கு குன்வோர் உன் நியாயம்" என்றார். இன்னும் பொண்டாட்டி ஆகவில்லை என்று நான் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஹெர்ரிங் மீனைத் தட்டில் எறிந்தேன் என்று உன்னிடம் புகார் சொல்லியிருப்பார்.

நவம்பரில் கல்லறையில் விளக்கு ஏற்றும் நாளுக்கு மத்தியாஸ் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தான், அவன் வைத்த மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பிறகு இருட்டுக் காலம் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, மதியச் சாப்பாட்டு மேஜையைத் துடைப்பதற்குள் பொழுது போய்விடும். ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டு விளக்குப் போட்டோம், கீழே ஹீட்டர் கொதித்தது, செடி நடுவில். அது வெளிச்சம் தேடி வெளுத்து நீண்டது, இலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. நோய்க்கு மருந்து ஏற்றிய நாட்களில் சன்னாவின் கழுத்து நீண்டு தெரிந்த மாதிரி இருந்தது எனக்கு. ஹீட்டர் மேல் காய்கிறதே, தாகமாக இருக்கும் என்று கொஞ்சம் ஊற்றினேன், மறுபடி கொஞ்சம் ஊற்றினேன். அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, கை கேட்கவில்லை. கவனிக்க வேறு யாரும் இல்லாத வீட்டில் கைக்கு அது ஒன்றுதானே வேலை. லூசியா திருநாள் காலையில் தொட்டியைத் திருப்பி வைக்கலாம் என்று தொட்டேன், தலை அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளே கறுத்துக் கூழாகி இருந்தது. இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்தில் காய வைத்துப் பார்த்தேன், எல்லாமே கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் நீராகப் போயின. தெருவில் வெள்ளை உடுப்புக் குழந்தைகள் பாடிக்கொண்டு போனார்கள், நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை, அன்று செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அப்பா என்னைத் தூக்க முழங்காலை மடக்க முடியாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலித் தொட்டியை நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், எறியவில்லை. மைக்கெனுக்கு ஓர் இலை கொடுத்திருந்தால் என்று நினைத்து நினைத்துக் குளிர்காலம் போனது.

போன ஞாயிறு வாசல் மணி அடித்தது. லொவீசா தனியாக நின்றாள், மார்போடு ஒரு துணிப் பையை அணைத்துக்கொண்டு. உள்ளே வரச் சொன்னது அப்பாதான். காலணியைக் கழற்றினாள், பழையபடி மெதுவாக நடந்து வந்து, மேஜை மேல் ஒரு சின்ன மண்தொட்டியை வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், இந்த வீட்டில் எதையும் தொட மாட்டேன் என்பது போல. தொட்டியில் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் பூத்த பச்சையில், அடுக்கடுக்காக. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா எனக்குத் தெரியாமல் மத்தியாஸிடம் செடி போன விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் உட்காராமலே பேசினாள். "மத்தியாஸ்தான் எடுக்கச் சொன்னான். அவனால உங்ககிட்ட வாய் விட்டுக் கேக்க முடியல. கேட்டா நீங்க குடுத்துருவீங்களாம், குடுத்தது வேர் விடாதுன்னு சன்னா சொல்லுவாங்களாம். கை வைக்கவும் அவனுக்கு மனசு வரல, அதான் நான் எடுத்தேன்" என்றாள். நான் கொடுத்திருக்க மாட்டேன் ஹென்னிங், அது எனக்குத் தெரியும், அவன் என்னை அவ்வளவு நல்லவளாக நினைத்திருக்கிறான்.

எப்படி வளர்த்தாய் என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. காயம் ஆறும்வரை காகிதத்தில் வைத்துவிட்டு, மணல் கலந்த மண்ணின் மேல் சும்மா படுக்க வைத்தாளாம், புதைக்கவில்லையாம், தண்ணீரும் விடவில்லையாம். ரொம்ப நாள் ஒன்றுமே நடக்கவில்லை, பிறகு அடிப்பக்கத்தில் நூல் மாதிரி ரோஸ் நிறத்தில் வேர், அதற்குப் பக்கத்தில் இரண்டு குட்டி. ஹீட்டர் இல்லாத ஜன்னலில், மேலே ஒரு விளக்கு எரியவிட்டிருக்கிறாள். "பழைய இலை வத்திப்போய் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. பிச்சு எடுத்துரலாம்னு பாத்தேன், மத்தியாஸ் விடல. அதுல இருக்குற தண்ணியெல்லாம் குட்டிக்குப் போய்ச் சேரணும், தானா விழட்டும்னான்" என்றாள். பெரியது வற்றிச் சின்னது வளர்வதுதானே முறை, நம் வீட்டில் மட்டும் அது மாறிப் போய்விட்டது. அதை வெளியே சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். இரண்டில் ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், அவன் காலையில் காபியோடு அதன் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறானாம். பெரிய குட்டியை எனக்குக் கொண்டுவந்திருந்தாள்.

எனக்கு நன்றி என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன், அப்பா மேஜைக்கு அடியில் என் காலை நன்றாக மிதித்தார். செடி கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னால் செடி தங்காது என்பது அவருக்குக்கூட நினைவிருக்கிறது பார். வாழ்க்கையில் நான் மனசாரச் சொல்ல நினைத்த நன்றி அது ஒன்றுதான், அதைச் சொல்லக் கூடாது. நான் எழுந்து போய்க் காபி போட்டேன், இலவங்கப்பட்டை போட்ட பன்களைச் சூடாக்கினேன், பெரியதாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன். அவள் அப்போதும் கையைக் கட்டிக்கொண்டே நின்றாள். "கையைப் பின்னாலேயே வெச்சுக்கிட்டு நின்னா எப்படிச் சாப்பிடுவ? இந்த வீட்டுல திருடினவங்களுக்குத்தான் முதல் பன்னு, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள், அழுதாள், நானும் அழுதேன், அப்பா மூன்று பன் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு மத்தியாஸையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதாவது இன்றைக்கு. இதை முடித்துவிட்டுத்தான் மாவு பிசைய வேண்டும்.

கழுவிக் கவிழ்த்த சன்னாவின் தொட்டியில்தான் குட்டியை நட்டு வைத்தேன், உன் அறை ஜன்னலில் இருக்கிறது. அங்கே ஹீட்டரை மூடியாகிவிட்டது, யாரும் படுப்பதில்லையே. தண்ணீர் ஊற்றும் வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டேன், அவர் எப்படியும் மறந்துவிடுவார், அதற்கு அதுதான் நல்லது. நீ அடக்கத்துக்கு வந்து போனவன்தான். இந்த வீட்டில் உட்கார முடியவில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். எங்களாலும் முடியவில்லை மகனே, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறோம். இந்த நவம்பரில் விளக்கு ஏற்றும் நாளுக்கு வா. அவளுக்கு நீ இன்னும் ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை. குளிருக்கு நல்ல கோட்டு எடுத்துக்கொள், அங்கே வாங்கிய மெல்லிசுச் சட்டையில் வந்து நிற்காதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் வேலையும் உன் உறக்கமும் நன்றாக இருக்கட்டும், உனக்கென்று ஒரு வீடும் அதில் வெயில் விழும் ஜன்னலும் அமையட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நவம்பருக்குள் அது உள்ளங்கை அகலம் வந்துவிடும். அடிவரிசை இலையை மெல்லப் பக்கவாட்டில் அசைத்தால் அடியோடு கழன்று வரும், பாதியில் ஒடிந்தால் பிழைக்காது. பிளாஸ்டிக்கில் வைக்காதே, காகிதத்தில் சுற்று. என்னிடம் கேட்காதே, கேட்டால் கொடுக்க மாட்டேன். நீ உன் அறைக்குள் போனதும் நான் காபி போட உள்ளே போய்விடுவேன், பாத்திரத்தைச் சத்தமாகவே உருட்டுவேன், ரொம்ப நேரம் வரமாட்டேன். அப்பா வாசலில் நின்றுகொள்வார், யாராவது வந்தால் இருமுவார்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா குன்வோர்