இரண்டு பூட்டுப் பெட்டி

பாய்,

நீங்கள் போன பிறகு பதினான்கு மாதம் நம் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு பிள்ளை மூன்று முறை அதில் எழுதிப் போட்டிருக்கிறான். ஒருவரும் படிக்கவில்லை. இப்போது அவன் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். நடந்த அநியாயம் இதுதான்.

உங்கள் பூட்டு என் சைக்கிள் கடைப் பலகைமேல் கிடக்கிறது. நேற்று நானே ஆக்சா பிளேடால் அறுத்தேன். துருவும் பல்லி எச்சமும் நமத்த நோட்டுத் தாளும் கலந்த வாடை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

ஊருக்கொரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று அரசு ஆணை வந்தபோது, பிள்ளைகள் தினமும் வந்து போகும் மளிகைக் கடை என்று உங்களைச் சேர்த்தார்கள். வெளியே விட்டால் மனு எழுதுவேன் என்று என்னைச் சேர்த்தார்கள். பள்ளி வாசலில் புகார்ப் பெட்டி மாட்ட வந்தவன் தன் தலை உயரத்துக்கு ஆணி அடிக்கப் போனான். "ஒண்ணாங்கிளாஸ் புள்ள கை எட்டணும்பா, எறக்கு" என்று நீங்கள்தான் இறக்க வைத்தீர்கள். இரண்டு பூட்டு போட்டதும் உங்கள் யோசனை. ஒரு சாவி உங்களிடம், ஒன்று என்னிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது.

"இன்னா பாய், என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டேன்.

"உன்மேலயும் இல்ல, என்மேலயும் இல்ல. எந்தப் புள்ள பேரு வெளிய போனாலும் அன்னியோட பொட்டி செத்துடும்யா" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பீர்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சீட்டு வரும். வாத்தியார் காதைத் திருகுகிறார் என்று வரும். ஒரு முறை, "பாய் கடை முறுக்கு நமத்துப் போச்சு" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிக்காதய்யா, புகாரு புகாருதான்" என்று போய் முறுக்கு டின்னையே மாற்றினீர்கள். பத்தாவது படித்த பெண் ஒருத்தி கல்யாணம் வேண்டாம் என்று எழுதியபோதும் அதே முகத்தோடுதான் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தீர்கள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் இன்று நர்சிங் படிக்கிறாள்.

நீங்கள் கண்மூடியதும் உங்கள் மகன் உங்கள் சாவியைக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்படைத்தார். என் சாவியையும் கேட்டார்கள். எழுத்தில் ரசீது கொடுங்கள், தருகிறேன் என்றேன்.

"சாவிக்கெல்லாம் ரசீதா பெரியவரே? சைக்கிள் கடையில பஞ்சருக்கு ரசீது குடுப்பீங்களா?" என்று எழுத்தர் சிரித்தார். புதுக் குழுவுக்கு ஆணை வரட்டும், அப்போது பார்க்கலாம் என்றார். ஐந்து முறை பஸ் ஏறிப் போனேன். ஆணையும் வரவில்லை, ரசீதும் வரவில்லை. உங்கள் சாவி அவர்கள் மேசை இழுப்பறையில், என் சாவி என் அரைஞாணில். நான் கேட்டதில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவர்கள் இறங்கி வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அந்தப் பிள்ளை பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குள் போயிருக்கிறான். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

போன மாதம் சிறுவர்கள் குற்றத்தில் விழாமல் தடுக்க என்று ஊர்வலம் நடத்தினார்கள். பிள்ளைகள் கையில் அட்டை, முன்னால் மேளம். முடிந்ததும் பேனரைக் கொண்டுவந்து பள்ளி வாசலில் கட்டினார்கள். அது பெட்டியின் வாயை மூடிக்கொண்டு தொங்கியது.

முந்தாநாள் அவன் அம்மா கடைக்கு வந்தாள். பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் பிராந்தி பாட்டிலைப் புத்தகப் பைக்குள் வைத்து, ஆற்றுப் பாலம் தாண்டி, விலை கூடுதலான கடலூர்ப் பக்கம் கொண்டுபோகும்போது பிடித்திருக்கிறார்கள். பாட்டிலுக்கு நடுவே கஞ்சாப் பொட்டலமும் இருந்ததாம்.

"பொட்டில மூணு வாட்டி எய்தி போட்டேன்றான் பெரிப்பா. மாட்டிக்கினதால கத சொல்றான்னு நெனச்சி ரெண்டு அற வுட்டுட்டேன். சாவி உங்ககிட்டதான் கீதாமே?"

மறுநாள் காலை தலைமையாசிரியை பக்கத்தில் நிற்க, என் பூட்டைத் திறந்தேன், உங்கள் பூட்டை அறுத்தேன்.

முதல் சீட்டில், "என் பையில் பாட்டில் வைத்துப் பாலம் தாண்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கு" என்று இருந்தது. இரண்டாவதில், "மாட்டேன் என்றால் அடிக்கிறாங்க. அம்மாவிடம் சொல்லாதீங்க." மூன்றாவது, கணக்கு நோட்டுத் தாள். "பாய் தாத்தா செத்துட்டார் என்று தெரியும். சைக்கிள் கடை தாத்தா, நீங்களாவது படிங்க."

படித்தேன் பாய்.

புதன்கிழமை அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துகிறார்கள். அவன் பயந்து உதவி கேட்டதற்கு இந்த மூன்று சீட்டுதான் சாட்சி. குழுமம் இவற்றைப் படித்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போலீஸ்காரர்கள் அந்தப் பையைச் சுமந்தவனோடு நிறுத்தாமல், அதை நிரப்பியவனைப் பிடிக்க வேண்டும். தலைமையாசிரியை அவன் பெயரைப் பதிவேட்டில் அடிக்காமல் வைத்திருக்க வேண்டும். பேனரை நானே அவிழ்த்துவிட்டேன். அம்மா இனி அவன்மேல் கை வைக்கக் கூடாது, அதையும் சொல்லிவிட்டேன். உங்கள் பூட்டு இருந்த இடத்தில் புதுப் பூட்டு மாட்டியிருக்கிறேன். இரண்டு சாவிக்கும் இரண்டு பேரை அலுவலகம் இந்த மாதமே நியமிக்க வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் தலைமையாசிரியை முன்னால் நான் திறக்க வேண்டும்.

புதன்கிழமை மூன்று சீட்டையும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது வாங்க வேண்டும். புதியவர்கள் வரும் நாளில் சாவிகளை அவர்கள் கையில் வைக்க வேண்டும். அதற்கு ரசீது கேட்கக் கூடாது.